இன்னாருக்குப் பதிலாக

அக்காவுக்கு முதல் ஒப்பந்தம் வந்த அன்று சமையலறையில் நடந்த பேச்சு தங்கைக்கு இன்றும் வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது.

"படிடீ," என்றாள் அக்கா. அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள்.

"முதல்ல உட்காரு."

"நடந்தாதான் எனக்குக் காது கேக்கும். நீ படி."

மேசைமேல் நான்கு தாள்கள் இருந்தன. ஒப்பந்தம் எழுதியிருந்த மொழி அக்காவுக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். தங்கைக்கு வயது பதினேழு. பள்ளியில் இரண்டு மொழியிலும் படித்தவள். விரலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டே சொன்னாள்.

"வலது ஓரத்துல ஆடணும். தங்க இடம் அவங்க குடுப்பாங்க. வாரத்துக்கு ஒன்பது பயிற்சி."

"ஒன்பதா? சரி. அப்புறம்?"

"'இன்னாருக்குப் பதிலாக'ன்னு போட்டு ஒரு பேர் இருக்கு. அவங்களுக்குத் தோள்பட்டை கிழிஞ்சிருக்கு. அது குணமாகி டாக்டர் கையெழுத்து போடற வரைக்கும்தான் இந்த வேலை."

அக்கா நின்றாள். அன்று காலையிலிருந்து அவள் நின்றது அப்போதுதான்.

"அப்போ என்னைக் கூப்பிடல. அவ இடத்துக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டிருக்காங்க."

"அப்படித்தான் போட்டிருக்கு."

அக்கா அம்மா பக்கம் திரும்பினாள். அம்மா ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டுக்குத் துணி வெளுத்து மடிக்கும் பிரிவில் வேலை பார்த்துவந்தாள். எந்தக் கட்டிலில் யார் எத்தனை நாள் படுத்திருந்தார்கள் என்பதை விரிப்புகளை வைத்தே சொல்லிவிடுவாள்.

"அம்மா, தோள்பட்டை கிழிஞ்சா எவ்வளவு நாளாகும்?"

"கத்தி வச்சாச்சுன்னா எட்டு மாசம். ஆளு சோம்பேறின்னா பத்து."

"சோம்பேறியா இருக்கட்டும்."

"அடுத்தவ எலும்பு ஆறக்கூடாதுன்னு நினைச்சுக்கிட்டு வண்டி ஏறாதே. விளங்காது."

"நான் ஒண்ணும் நினைக்கல. கேட்டேன், அவ்வளவுதான்."

பயிற்சியிலிருந்து நேராக வந்திருந்ததால் அவள் விரல்களில் பிசின் இருந்தது. பந்து நழுவாமலிருக்கப் பூசிக்கொள்ளும் பிசின் அது. எத்தனை சோப்பு போட்டாலும் முழுதாகப் போகாது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கையை எடுத்தபோது தாளும் கையோடு எழுந்து வந்தது.

"தாளே உன்னை விடமாட்டேங்குது," என்றாள் தங்கை.

"விடாம இருக்கட்டும். அதுக்குத்தானே போறேன்."

அப்படித்தான் அக்கா கிளம்பினாள். அதற்குப் பிறகு பதினோரு வருடம் அவள் ஓர் இடத்தில் நிற்கவில்லை.

அவள் ஆடுவது ஹேண்ட்பால். உறவுக்காரர்களுக்கு இது எப்போதும் தகராறுதான். "வலைக்கு மேல தட்டுவீங்களே, அதானே?" என்பாள் சித்தி. இல்லை என்றால், "அப்போ கூடையில போடறது," என்பாள். கடைசியில் அக்கா, "கால்பந்துதான் சித்தி, ஆனா கையால," என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள். அது முழுப் பொய்யும் இல்லை. கூரை போட்ட அரங்கு, அணிக்கு ஏழு பேர், கோலுக்கு முன்னால் அரைவட்டமாக ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. ஆனால் வெளியே இருந்து எம்பி, அந்தரத்தில் இருக்கும்போதே பந்தை எறிந்துவிட்டு உள்ளே விழலாம். வலது மூலையிலிருந்து எம்புகிற இடக்கைக்காரிக்குக் கோல் வாசலாகத் தெரியும். வலக்கைக்காரிக்கு அது கதவிடுக்கு. இடக்கைக்காரிகள் குறைவு. எங்காவது ஒருத்தி விழுந்தால் நாடு நாடாகத் தேடுவார்கள். வீட்டில் "பீச்சாங்கை" என்று கேலி வாங்கிய கைக்கு, வேறு எங்கெங்கோ இருந்தெல்லாம் அழைப்பு வந்தது அப்படித்தான்.

ஆனால் அக்கா குள்ளம். எதிரணி தாக்க வரும்போது தடுப்புச் சுவராக நிற்க உயரம் போதாது. ஆகவே தன் அணி தாக்கும்போது உள்ளே ஓடுவாள். பந்து கைமாறியதும் பெஞ்சுக்கு ஓடி வருவாள். அவள் வெளியேறியதும் நெட்டையான ஒருத்தி உள்ளே போவாள். ஓர் ஆட்டத்துக்கு ஐம்பது தடவை இப்படி. விசில் கிடையாது, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தன் அணி பெஞ்சுக்கு எதிரே உள்ள கோட்டு வழியாகத்தான் போய் வர வேண்டும், அது ஒன்றுதான் விதி. "என் பொழைப்பே உள்ளே வெளியேதான்," என்பாள் அக்கா.

முதல் நாட்டில் அவளுக்குக் கிடைத்தது தோள்பட்டைக்காரியின் வீடு. நான்காவது மாடி; லிஃப்ட் கிடையாது. தோள்பட்டைக்காரி சிகிச்சைக்காகத் தன் பெற்றோரிடம் போயிருந்தாள். சாமான்கள் போட்டது போட்டபடி இருந்தன. இரண்டாம் நாள் அக்கா போன் செய்தாள்.

"இந்த வீட்டுல எல்லாமே இடதுபக்கம் இருக்குடீ. கத்தி இடதுபக்கம், துண்டு மாட்டற ஆணி இடதுபக்கம். இடக்கைக் கத்தரிக்கோல்னு ஒண்ணு இருக்கு தெரியுமா? இத்தனை வருஷமா கத்தரிக்கோல்தான் மொக்கை, நான் இல்லைன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"அப்போ வசதியா இருக்குன்னு சொல்லு."

"எனக்குன்னே கட்டின வீடு மாதிரி இருக்கு. என் வீடு இல்ல, அவ்வளவுதான்."

தோள்பட்டை ஒன்பது மாதத்தில் ஆறியது. அக்கா வீட்டுக்கு வந்தாள். ஏழு வாரம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதிகாலையில் மாடிப்படியில் ஏறி இறங்கினாள். ஃப்ரிட்ஜ் கதவிலும் குழாய்த் திருகிலும் பிசின் தடம் வைத்தாள். "இவளுக்குக் காலில் சக்கரமா, வீட்டில் முள்ளா?" என்று அம்மா தங்கையிடம் கேட்டாள். போன் மணி அடித்ததும், யார் என்று கேட்காமல், "யாரோட எலும்பு?" என்றாள். அதுவே வீட்டு வழக்காகிவிட்டது. அடுத்த நாட்டில் மணிக்கட்டு. அதற்கடுத்த நாட்டில் கணுக்கால்.

கணுக்கால் விஷயத்தில்தான் தங்கை ஒரு தவறு செய்தாள்.

அப்போது அவளுக்கு இருபது வயது. மொழிபெயர்ப்பு அலுவலகம் ஒன்றில் சேர்ந்திருந்தாள். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை என்று அடியில் முத்திரை குத்தித் தருவது வேலை. அக்காவின் ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்தது. அன்று போனில் அக்காவின் குரல் கம்மியிருந்தது.

"ஒரு சீசனாவது முழுசா ஒரே கட்டில்ல தூங்கணும்டீ," என்றிருந்தாள். "அதுக்கு இதுல வழி இருக்கா பாரு."

தங்கை படித்தாள். ஒப்பந்தம் சீசன் முடிய. ஆனால் ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி: கணுக்கால்காரி முன்பே குணமானால் பத்து நாள் அறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம். அம்மாவிடம் கேட்டாள். "அந்த மாதிரி கணுக்கால் வருஷம் பிடிக்கும்," என்றாள் அம்மா. வராத ஆபத்தை எதற்குச் சொல்லிப் பயமுறுத்துவது என்று தங்கைக்குத் தோன்றியது. மற்ற எல்லாவற்றையும் படித்துக் காட்டினாள். அந்த ஒரு வரியை விட்டுவிட்டாள்.

அக்கா அந்த வீட்டுச் சுவருக்கு மஞ்சள் வண்ணம் அடித்தாள். பிறகு அம்மாவை ஒரு மாதம் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். அம்மா முதல்தடவையாக நீண்ட விடுப்பு எடுத்தாள், முதல்தடவையாக விமானம் ஏறினாள். அவள் போய் இறங்குவதற்கு ஆறு நாள் முன்பு கணுக்கால்காரி ஓடிப் பார்த்தாள், வலிக்கவில்லை. அம்மா போய்ச் சேர்ந்தபோது அக்கா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கைப்பையை வைத்துவிட்டுச் சட்டைகளை மடிக்க உட்கார்ந்தாள். நாலாம் நாள் இருவரும் சேர்ந்து திரும்பினார்கள். "வெளிநாடு எப்படி இருந்தது?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டதற்கு, "மஞ்சளா இருந்துச்சு," என்றாள் அம்மா.

அதற்கு முன்பே, அங்கிருந்து கிளம்பிய அன்று, அக்கா போன் செய்திருந்தாள். அணி நிர்வாகி ஐந்தாம் பக்கத்தைத் திறந்து அந்த வரியையும், கீழே அவள் கையெழுத்தையும் காட்டியிருந்தான்.

"நீ அதைப் பார்க்கலையா, பார்த்தும் சொல்லலையா?"

"பார்த்தேன்," என்றாள் தங்கை.

அக்கா போனை வைத்துவிட்டாள். ஊர் வந்த பிறகும் அதைப்பற்றிப் பேசவில்லை. முகம் கொடுத்துத்தான் பேசினாள், சேர்ந்துதான் சாப்பிட்டாள். அடுத்து வந்த தாளை மட்டும் வேறு யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொன்னாள். தங்கைக்கு அது கன்னத்தில் அறைந்ததைவிட அதிகமாக வலித்தது. அலுவலகத்தில் முத்திரை குத்தும்போதெல்லாம் அந்த வாசகம் அவளைப் பார்த்துச் சிரித்தது.

அந்த மூன்று நாடுகளுக்குள்ளேயே மாறி மாறி, விரலும் விலாவுமாக ஆறு வருடம் ஓடிற்று. நாலாவது நாட்டில் முட்டி. இங்கே ஒரு வித்தியாசம்: முட்டிக்காரி எங்கும் போகவில்லை. அதே வீட்டில் அவளுக்கு ஓர் அறை, அக்காவுக்கு ஓர் அறை. ஒரே சமையலறையில் இரண்டு இடக்கைகள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று முட்டிக்காரி வாரா வாரம் அதில் எழுதினாள். எழுபது. எண்பத்தைந்து. தொண்ணூறு. நூற்று முப்பதைத் தொட்டால் டாக்டர் கையெழுத்து.

"ஒவ்வொரு தடவையும் தண்ணி எடுக்கப் போனா என் கணக்கு கண்ணுல படுதுடீ," என்றாள் அக்கா. "அது ஏற ஏற நான் இறங்கறேன்."

முட்டியை மடக்க, குப்புறப் படுத்தவளின் குதிகாலை இன்னொருவர் அழுத்த வேண்டும். காலையும் மாலையும் அந்த வேலை அக்காவுடையது. ஒருநாள் அவள் போன் செய்தபோது குரலோடு காலடிச் சத்தமும் கேட்டது. வராந்தாவில் நடந்துகொண்டே பேசினாள்.

"இன்னிக்கு நான் அழுத்தல. கை வலிக்குதுன்னு பொய் சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"அவ துண்டைக் கால்ல மாட்டித் தானே இழுத்துக்கிட்டா. பல்லைக் கடிச்சுக்கிட்டு. சத்தமே போடல. அதான் தாங்க முடியல."

"அப்புறம் என்ன பண்ணே?"

"என்ன பண்றது, போய் அழுத்தினேன். 'கை வலி போயிடுச்சா'ன்னு கேட்டா. போயிடுச்சுன்னேன். 'எனக்கும் அப்படித்தான் சீக்கிரம் போகணும்'னா. தெரிஞ்சு சொன்னாளா, தெரியாம சொன்னாளா, யாருக்குத் தெரியும்."

தங்கை அதை அம்மாவிடம் சொன்னாள். அம்மா தலையணை உறையை உதறி மடித்தபடி, "அழுத்தினாளா இல்லையா? அது போதும்," என்றாள்.

எட்டாம் மாதம் ஃப்ரிட்ஜ் கதவில் நூற்று முப்பது வந்தது. அக்கா கிளம்பிய காலையில் அவளுடைய பெரிய பெட்டியை முட்டிக்காரி பிடுங்கி மூன்று மாடி இறக்கினாள். வேண்டாம் என்றதற்கு, "நீ மடக்கின முட்டிதானே, சரியா மடக்கியிருக்கியான்னு பார்க்கிறேன்," என்றாள்.

இந்தமுறை அக்கா நாடு மாறவில்லை. அதே நாட்டில், பஸ்ஸில் மூன்று மணி நேரம் தள்ளி, இன்னோர் அணியில் ஒருத்தி பிள்ளை பெறப் போயிருந்தாள். "எலும்பு இல்ல, குழந்தை. முன்னேத்தம்தான்," என்றாள் அம்மா. அங்கிருந்த பயிற்சியாளர் அதிகம் பேசாத மனிதர். சீசன் முடிய ஒரு மாதம் இருக்கும்போது அக்காவைக் கூப்பிட்டு, பிள்ளைத்தாய்ச்சி திரும்பி வந்தாலும் இவளையும் இரண்டு வருடம் வைத்துக்கொள்ள யோசிப்பதாகவும், மிச்சமிருக்கும் ஆட்டங்களைப் பார்த்து முடிவு சொல்வதாகவும் சொன்னார். அன்று அக்கா தங்கைக்கு நான்கு தடவை போன் செய்தாள். நான்கு தடவையும் சொன்னது ஒன்றுதான்.

மிச்ச ஆட்டங்களில் ஒன்று பழைய அரங்கில், முட்டிக்காரியின் அணியோடு. ஞாயிற்றுக்கிழமை மதியம். தங்கை கணினியில் பார்த்தாள். பக்கத்தில் அம்மா துணி மடித்தபடி ஒரு கண்ணால் பார்த்தாள். அக்கா நன்றாக ஆடினாள். மூலையிலிருந்து எம்பி நான்கு கோல். ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருந்தபோது ஐந்தாவது கோலும் போட்டாள். இரு அணியும் சமம். எதிரணி பந்தை எடுத்துக்கொண்டு பாய்ந்தது. அக்கா வெளியே ஓட வேண்டும், ஓடினாள்.

அந்த அரங்கில் இரண்டாம் பாதியில் உள்ளூர் அணிக்கு, சுவரிலுள்ள சிவப்புத் தீயணைப்புப் பெட்டிக்குக் கீழே பெஞ்சு. எட்டு மாதம் அக்கா அந்தச் சிவப்புப் பெட்டியைப் பார்த்துத்தான் ஓடியிருந்தாள். அன்றும் அதைப் பார்த்தாள். கால் அந்தப் பக்கம் போயிற்று.

"அக்கா, அங்கே இல்ல," என்று தங்கை திரையைப் பார்த்துச் சொன்னாள்.

அக்கா எதிரணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தவர்களின் கவனமெல்லாம் பந்தின் மேல். ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். ஒருத்தி திரும்பாமலே தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அக்கா வாங்கி இரண்டு மடக்குக் குடித்தாள். அப்புறம்தான் பக்கத்திலிருந்த முட்டிக்காரி திரும்பிப் பார்த்தாள்.

அவள் சொன்னதை அக்கா பிற்பாடு சொல்லித்தான் தங்கைக்குத் தெரியும். "என்ன, வந்துட்டியா?" என்றிருக்கிறாள்.

விசில் ஊதியது. தன் கோட்டு வழியாக வெளியேறாததற்கு அக்காவுக்கு இரண்டு நிமிடத் தண்டனை. அவள் எழுந்து, அரங்கு முழுக்கச் சிரிக்க, தன் அணியின் பெஞ்சுக்கு நடந்து போனாள். கேமரா அவள் முகத்தைக் காட்டியது. முகத்தில் ஈயாடவில்லை. ஓர் ஆள் குறைந்த அணி அந்த இரண்டு நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கித் தோற்றது.

தங்கை கணினியை மூடினாள். அம்மா மடித்த துணிகளை அடுக்கிக்கொண்டே, "அந்தப் பொண்ணுங்க எவளும் எழுந்திருன்னு சொல்லல, பார்த்தியா?" என்றாள்.

"அம்மா, அவங்க கவனிக்கல."

"கவனிக்காம நகர்ந்து இடம் விடறதுதான்டீ விஷயம்."

பயிற்சியாளர் திட்டவில்லை. "நீ யாருக்கு ஆடுறேன்னு உன் காலுக்கு இன்னும் தெரியல," என்று மட்டும் சொன்னார். இரண்டு வருடப் பேச்சு அதன்பிறகு எழவில்லை. சீசன் முடிந்தது, அக்கா வீட்டுக்கு வந்தாள். வயது முப்பத்திரண்டு. மாடிப்படி ஏறி இறங்குவதைக்கூட விட்டுவிட்டு, அறைக்குள்ளேயே நடந்தாள். நடப்பதை யாராவது பார்த்தால் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். இனி எந்த எலும்புக்கும் போவதில்லை என்று ஒருநாள் சொன்னாள். மறுநாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் வாரம் முட்டிக்காரி போனில் பேசினாள். இனி மூலையில் ஆடப்போவதில்லையாம். எம்பி விழுந்தால் முட்டி முணுமுணுக்கிறதாம். மூலைக்கு அடுத்து உள்பக்கமாக ஓர் இடம் இருக்கிறது, அதுவும் இடக்கைக்கு ஏற்றது. அங்கே மாறிக்கொள்வதாக நிர்வாகத்திடம் சொல்லிவிட்டாளாம். "அப்போ மூலைக்கு யாருன்னு கேட்டாங்க. எங்க பெஞ்சுல வந்து உட்கார்ந்தவளைக் கேளுங்கன்னேன்."

அக்கா அவசரமாகக் கடைக்குப் பிசின் டப்பா வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே போனாள். உண்மையில் ஊரையே இரண்டு சுற்று சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தாள்.

ஒன்பது நாள் கழித்து ஒப்பந்தம் வந்தது. கணுக்காலுக்குப் பிறகு முதல்தடவையாக, நேராகத் தங்கையின் அலுவலக முகவரிக்கு வந்தது. அக்கா அப்படிக் கொடுத்திருந்தாள்; ஏன் என்று இவள் கேட்கவில்லை. ஆறு பக்கம். தங்கை மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு மூன்று தடவை படித்தாள். "இன்னாருக்குப் பதிலாக" என்று எங்கும் இல்லை. யாருடைய தோளோ முட்டியோ அதில் இல்லை. அக்காவின் பெயர் மட்டும் ஐந்து இடத்தில் இருந்தது. ஆனால் ஒரு வருடத்துக்குத்தான். நாலாம் பக்கத்தில், இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் முப்பது நாள் அறிவிப்பில் விலகலாம் என்று ஒரு வரி இருந்தது.

அந்த வரியைப் பார்த்ததும் பழைய ஆசை ஒருகணம் தலை நீட்டியது. அக்கா இப்போதுதான் சற்று மூச்சுவிட ஆரம்பித்திருக்கிறாள். முப்பது நாளைச் சொன்னால் இரவெல்லாம் நடப்பாள். தங்கை தாள்களை உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தாள்.

அக்கா சமையலறையில் இருந்தாள். அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தவள், உறையைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, எதிரே உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டாள். இடதுகை விரல்கள் மட்டும் அடங்காமல் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தன.

"நீ ஏற்கெனவே படிச்சிருப்பே, தெரியும்," என்றாள். "இப்போ எனக்காகப் படி. மெதுவா. நல்லதுன்னாலும் கெட்டதுன்னாலும் ஒரு வரி விடாதே. என் மேல பாசம்னு எதையாவது விட்டுடாதேடீ."